பிராட்வேயில் இல்லாத லாட்ஜ்

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மனோகரன் நின்றுகொண்டிருந்தபோதே வெள்ளைக்காரர்கள் இருவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் லாரிகூட வராத தெரு அது.

"யோவ், உன் விருந்தாளிங்க வந்துட்டாங்க. மீதிய சீக்கிரம் சிரைச்சிக்கினு கெளம்பு" என்று பவானி சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

அவன் ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தபடியே, "பவா, நெஞ்சாங்கூடு ஒரு மாதிரி புடிச்சிக்கினு கீது. கேஸுன்னு நெனைக்கிறேன். நாளைக்கு வரச்சொல்லிடவா?" என்றான்.

"நேத்து வாய் குடுத்தது நீதானே? பாவம், மெனக்கெட்டு வந்து வாசல்ல நிக்கிறாங்க. ஒரு மாசமா குந்த வச்சித் துன்னா கேஸு வராம இன்னா வரும்? நாலு தெரு நட, தன்னால எறங்கிடும்."

அவன் மீதிக் கன்னத்தையும் மழித்து, முகம் கழுவி, அவள் நீட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் மே மாதம். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகளை நிறுத்திவைத்திருந்த காலம். படகு ஓட்டுகிற மனோகரனுக்கு அந்த ஒரு மாதமும் வேலை, வீட்டில் உட்கார்ந்து பவானியை மேய்ப்பதுதான். குழம்பில் புளி தூக்கல் என்பான். குடத்தை ஏன் இங்கே வைத்தாய் என்பான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. மேய்க்க வேறு ஆளும் இல்லை. அவன் ஒரு நாளாவது வெளியே தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தத் தம்பதி அவனிடம் அகப்பட்டது முந்தின நாள் சாயங்காலம். கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்தபடி துறைமுகத்தில் வழி தெரியாமல் நின்றார்களாம். பெல்ஜியம் என்கிற தேசம். ஆளுக்கொரு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு மாதமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். சென்னைக்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது என்று அவர்கள் கையிலிருந்த புத்தகத்தில் போட்டிருந்தது. துறைமுகத்துக் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு மனோகரன், "டுமாரோ கம், ஐ ஷோ ஆல் ஓல்டு" என்று சொல்லி, காலையில் துறைமுகத்திலிருந்து அவர்களை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு பையனையும் ஏற்பாடு செய்துவிட்டான்.

தெருப் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர்வீட்டு இருதயம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அந்தாளு பேரு இன்னாவாம்?"

"யான்" என்றான் மனோகரன்.

"யானையா? இந்த ஒட்டடக்குச்சியா?"

"அந்தம்மா பேரு லீனா."

"ஐய, நம்ம பேரு. முதுகுல இன்னாம்மா, புள்ளயா கட்டிக்கினு கீற?" என்று இருதயம்மாள் அந்தப் பெண்ணின் சின்னப் பையைத் தட்டிப் பார்த்தாள். அவள் என்னவென்று புரியாமலே சிரித்தாள்.

"பெரிய மூட்டைங்கள ரூம்ல வச்சிட்டு வந்துகீறாங்க" என்ற மனோகரன், தெருவுக்கே கேட்கும்படி, "மிஸ்டர், யுவர் ரூம் வேர்?" என்று கேட்டான். தன் இங்கிலீஷ் வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகவே கேட்ட கேள்வி. அந்த ஆள் ஏதோ சொன்னான். "பிராட்வேயாம். நம்ம பிராட்வேதான்" என்று மனோகரன் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் பட்டணம் என்றாலே பிராட்வேதான். பஸ் அங்கேதான் போய் நிற்கும். துணி அங்கே, பாத்திரம் அங்கே, கோர்ட்டும் அங்கே. வெள்ளைக்காரன் மட்டும் வேறெங்கே தங்குவான்?

மூவரும் தெருமுனை திரும்புகிறவரை பவானி பார்க்கவில்லை. சொம்பைக் கழுவி உள்ளே கொண்டுபோனாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஆட்டோ ஓட்டுகிற பொன்னுரங்கம் வந்தான். மனோகரனின் கூட்டாளி, அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன். வண்டியின் எஞ்சினைக்கூட அணைக்காமல் வாசலில் இறங்கினான். ராயபுரம் ஸ்டாண்டில் காதில் விழுந்ததை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போய், பார்த்துவிட்டு, திரும்பி வந்திருந்தான்.  "தங்கச்சி, வண்டில ஏறு" என்றான்.

காலை பதினொன்றரைக்கே மனோகரன் போய்விட்டிருந்தான். ராயபுரம் பழைய ஸ்டேஷன் முகப்பில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் ஒரு ஆட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வரும்போதே உயிர் இல்லை. மாரடைப்பு. சட்டைப்பையில் சீப்பும் ஒரு பஸ் டிக்கெட்டும்தான். வீடு எங்கே, தெரு என்ன என்று அந்த இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணிவரை காத்திருந்துவிட்டு, போலீஸிடம் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் சிவகங்கைப் பக்கத்து ஆள். வயதானவர், பொறுமையானவர். பவானியைப் பெஞ்சில் உட்காரவைத்து, தான் கேட்டு எழுதியிருந்த தாளைப் பார்த்துச் சொன்னார்.

"ரொம்ப நல்ல சனம் தாயி அந்த வெள்ளக்காரப் புள்ளைக. அந்தப் பொம்பளைப் புள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு. வியாழக்கெழம ஊரவிட்டுப் போறாகளாம். தங்கியிருக்கது பிராட்வேயில."

"எதுனா சொன்னாராங்க சார்? கடைசியா?"

"சொன்னாரு. அப்பா, அப்பான்னு ரெண்டு தடவ சொன்னாராம். அந்தப் புள்ளதான் சொல்லிக் காமிச்சுச்சு. பெத்தவகள நெனச்சிருக்காரு ஆத்தா. நல்ல சாவுதேன்."

பவானி தலையாட்டினாள். அப்போது அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் உடல் வந்தது. சாயங்காலம் அடக்கம் முடிந்தது. வீடு கொள்ளாத கூட்டம். மாமியார் பவுனம்மாள் நடுவில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பான்னு கூப்ட்டானாம். அவுங்க அப்பன்தான் வந்து கூட்டிக்கினு பூட்டாரு." மனோகரனின் அப்பன் இருபது வருடத்துக்கு முன்னால் கடலோடு போனவர், உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத அப்பன் கடைசியில் பிள்ளையிடம் வந்தாரே என்பதில் கிழவிக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. அழுகைகூட அவளுக்கு அவ்வளவாக வரவில்லை. கேட்டவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ தடவை அதைக் கேட்டபோதுதான் பவானிக்குச் சுருக்கென்றது.

மனோகரன் தன் வாழ்நாளில் அப்பா என்று சொன்னதே இல்லை. அவனுக்கு அவர் நைனா. எங்க நைனா அப்டி, எங்க நைனா இப்டி என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுச் சலித்தவள் அவள். கால் இடறினால்கூட 'ஐயோ நைனா' என்பான். சாகும்போது மட்டும் புத்தகத் தமிழா வரும்?

"அத்தே, அவரு நைனான்னுதானே கூப்புடுவாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சாவும்போது எல்லாரும் அப்பான்னுதான்டி சொல்வாங்க. உனக்கு இன்னா தெரியும்?" என்று கிழவி அடித்துவிட்டாள்.

அப்படியானால் அவன் சொன்னது வேறு ஏதோ. வெள்ளைக்காரி வாயிலிருந்து சிவகங்கைக்காரர் காதுக்குப் போய் அப்பா ஆகியிருக்கிறது. பவானி அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அப்பா. பாவா. பவா.

பவா. அவன் அவளைக் கூப்பிடுகிற பேர். ரெண்டு தடவை.

அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பவா என்று அவன் கூப்பிட்டிருந்தால், எப்படிக் கூப்பிட்டிருப்பான்? வா என்றா? இல்லை, நீதானே அனுப்பினாய் என்றா? காலையில் அவன் நெஞ்சு பிடிக்கிறது என்று சொன்னது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாலு தெரு நட என்று சொன்னதும் அவள்தான். அந்த வார்த்தையை அவள் தன் காதால் கேட்டாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் வியாழக்கிழமை ஊரைவிட்டுப் போகிறார்கள். பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பால் தெளித்துவிட்டு வந்ததும் பொன்னுரங்கத்தைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணே, பிராட்வே போவணும்."

"இன்னிக்கா? தங்கச்சி, நீ சாவு வூட்டுப் பொம்பள. மூணாம் நாளு ஆட்டோல ஏத்திக்கினு சுத்துனா ஊரு இன்னா பேசும்? என் பொண்டாட்டியே எனக்குச் சோறு போடமாட்டா."

"அப்ப நான் பஸ்ல போறேன்."

"ஐய, இன்னா பேஜாரா கீது" என்று தலையில் அடித்துக்கொண்டு அவன் வண்டியை எடுத்தான். "எங்கடி போற, தீட்டு!" என்று பவுனம்மாள் போட்ட கத்தல் தெருமுனைவரை கேட்டது.

பிராட்வேயில் எத்தனை லாட்ஜ் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பவானி தெரிந்துகொண்டாள். அத்தனை வருடம் அந்தத் தெருக்களில் சாமான் வாங்கியவள், தலை தூக்கி மேலே பார்த்ததில்லை. ஒவ்வொரு சந்திலும் இரண்டாம் மாடியில் ஒரு போர்டு. எல்லாப் போர்டுக்கும் இருட்டான ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் முடிவில் ஒரு மேஜை, ஒரு காலண்டர், ஒரு ஆள்.

லிங்கிச் செட்டித் தெருவில் முதல் ஆள், "போலீஸ் லெட்டர் இருக்கா?" என்றான். இல்லை என்றதும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

தம்புச் செட்டித் தெருவில் ஒருவன், "வெள்ளைக்காரனா? எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். கம்பெனி இல்லை என்றால் ரூம் நம்பராவது வேண்டும் என்றான். ரூம் நம்பர் தெரிந்தால் உன்னிடம் ஏன் கேட்கிறோம் என்றான் பொன்னுரங்கம். இருவரும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டார்கள். பவானி படியிறங்கி அடுத்த படிக்கட்டில் ஏறிவிட்டாள்.

மண்ணடியில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர், அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் கழுத்தில் தாலி இருந்தது. அதை எடுக்கிற நாள் இன்னும் வரவில்லை. நெற்றியில் பொட்டும் இருந்தது.

"பொம்பளைங்களுக்கெல்லாம் ரிஜிஸ்டர் காட்டுறது இல்லம்மா. ஏதாவது தப்பாப் போயிடும். வீட்டுக்காரர வரச்சொல்லு, காட்டுறேன்."

"அவரால வர முடியாது" என்றாள் பவானி.

"ஏன், வேலைக்குப் போயிருக்காரா? சாயங்காலம் வரச்சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."

பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் பாதி இறங்கியதும், தனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. எதுவும் வரவில்லை. கால்தான் வலித்தது.

ஒரு டீக்கடைக்காரன் தெம்பாகச் சொன்னான். "பெரிய மூட்டையோட ரெண்டு பேரு. புருசன் பொண்டாட்டி. நல்ல வெள்ளை. தோ, இந்த மாடிதான். காலைல கூட இங்க டீ குடிச்சாங்க."

இரண்டிரண்டு படியாக ஏறினார்கள். அந்த லாட்ஜில் மேஜை காலியாக இருந்தது. பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் அறுபது வயது மார்வாடி. பின்னால் முக்காடு போட்ட அவர் மனைவி, ஒரு பெரிய படுக்கைச் சுருட்டின் மேல் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தாள். ராமேசுவரம் போகிற வழியாம். "ஆவோ, ஆவோ" என்று ஆளுக்கொரு பூரியை நீட்டினார்கள்.

கீழே வந்து பொன்னுரங்கம் டீக்கடைக்காரன் மேல் பாய்ந்தான். "இன்னாயா, வெள்ளைக்காரன் கேட்டா சேட்டக் காட்டுற?"

"வெள்ளையா கீறாங்களா இல்லியா? மூட்டை கீதா இல்லியா? அப்பால இன்னாத்துக்குக் கூவுற?"

மணி ஒன்று தாண்டியிருந்தது. கத்திரி வெயில் தலையைப் பிளந்தது. புதன்கிழமையிலிருந்து அவள் வயிற்றில் காபியைத் தவிர எதுவும் போகவில்லை.

"தங்கச்சி, சொன்னா கேளு. மொதல்ல ரெண்டு இட்லி துன்னு. அப்பால தேடலாம்."

"அவங்க பூட்டாங்கன்னா?"

"பூட்டா பூட்டாங்க. தோஸ்து திரும்பி வரப்போறானா? அவன் இன்னா சொல்லியிருந்தா இன்னா? ஒரு வார்த்தைக்கு இந்த ரோதனையா?"

அவள் அடுத்த போர்டை நிமிர்ந்து பார்த்தாள். அவனும் நண்பனைப் புதைத்துவிட்டு வந்தவன்தான். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வா, அந்த லைன பார்த்துடுவோம்" என்று முன்னால் நடந்தான்.

பதினாலாவது லாட்ஜோ பதினைந்தாவதோ. மேஜையில் இருந்தவர் அய்யாத்துரை என்று பேர் சொன்னார், திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர்தான் முதன்முதலாக அவளை உட்காரச் சொன்னவர். செம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "யாரம்மா தேடுத? நடந்தத முதல்லேருந்து சொல்லு" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள், காலையில் நெஞ்சு பிடித்ததை மட்டும் விட்டுவிட்டு.

அவர் கேட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "யம்மா, நான் இங்க பன்னெண்டு வருசமா இருக்கேன். முதுகுல பை மாட்டுன வெள்ளக்காரன் ஒருத்தன்கூட இங்க தங்கினது கெடையாது. இங்க வாரதெல்லாம் யாவாரி, கோர்ட்டுக்கு வாரவன், இல்ல கப்பல்காரன். அவுக பிராட்வேன்னுதான் சொன்னாவளா? நீ கேட்டியா?"

"என் காதால கேட்டேன் சார். தெருவே கேட்டுது."

"எப்படிச் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

பவானி கண்ணை மூடி அந்தக் காலையை நினைத்தாள். உயரமான அந்த ஆள், உதட்டைக் குவித்து. "பிராட்... வ்யே... வியூ."

அய்யாத்துரை மேஜையில் ஓங்கி அடித்தார். "பிராட் வியூ! எழும்பூர்ல ஸ்டேசனுக்கு எதுத்த சந்துல இருக்கு, பிராட் வியூ லாட்ஜ். வெள்ளக்காரன் பூராவும் அங்கதான் கெடப்பான். அடப் பாவிகளா, பிராட்வேன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரும் காலையில இருந்து..." என்று சொல்லிவந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போ தாயி, போ. நிக்காத."

சென்ட்ரலில் சிக்னல் விழுந்தது. அல்லிக்குளத்தருகே மாநகராட்சிக்காரர்கள் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பொன்னுரங்கம் பிளாட்பாரத்தில் வண்டியை ஏற்றி இறக்கினான். வழிநெடுக யார் யாரையோ திட்டினான். பவானி திட்டியதெல்லாம் மனோகரனைத்தான், மனசுக்குள். உன் இங்கிலீஷுல தீயை வைக்க. நம்ம பிராட்வேதான் என்று தெருவுக்கே சொன்னாயே.

பிராட் வியூ லாட்ஜில் ரிஜிஸ்டர் கேட்க வேண்டியே இருக்கவில்லை. "அவங்களா? இப்பதான் காலி பண்ணிட்டுப் போனாங்க. அரை மணி நேரம் ஆகல. திருச்சி வண்டி. எதுத்தாப்ல ஸ்டேஷன், ஓடுங்க" என்று அந்தப் பையன் கை காட்டினான்.

ஓடினார்கள். வண்டி கிளம்பப் பத்து நிமிடம்கூட இல்லை. பிளாட்பாரம் முழுக்கக் கோடை விடுமுறைக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய மூட்டைகள் தெரிந்தன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு.

லீனா அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. ஓடிவந்து பவானியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த உயரமான ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றான். லீனா அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். நிற்கவே இல்லை.

"இன்னாண்ணே சொல்றாங்க?"

"சாரி சொல்றாங்க" என்றான் பொன்னுரங்கம் மூச்சு வாங்கியபடி.

"சரி. கேளுங்க."

"மேடம், லாஸ்ட்டு. மை பிரெண்டு லாஸ்ட்டு வாட் டாக்கிங்?"

லீனா இன்னும் வேகமாகப் பேசினாள்.

"இப்ப இன்னா?"

"ரொம்ப நல்ல மனுசன்னு சொல்றாங்க. மறக்க மாட்டாங்களாம்."

"அண்ணே, அது எனக்குத் தெரியும்ணே. வார்த்தையக் கேளுங்க! அவரு வாயிலேருந்து வந்த வார்த்தை!" பவானி கத்தியதில் பக்கத்து ஜன்னல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் லீனாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, தூணில் சாய்வதுபோல ஒருக்களித்துக் காட்டினாள். மறுபடி வாயைத் தொட்டாள். "அப்பா?" என்றாள். இல்லைதானே என்பதுபோலத் தலையை ஆட்டினாள். "பவா?"

லீனாவின் அழுகை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் கவனமாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"அப்பாலா. அப்பாலா."

சொல்லும்போதே வலது கையை, உள்ளங்கை வெளியே தெரிய, இரண்டு தடவை தள்ளினாள். அந்தக் கை அவளுடைய கை இல்லை. ஈ ஓட்டுவதுபோலக் காரியங்களைத் தள்ளிப்போடுகிற அந்தத் தள்ளல், பதினெட்டு வருடமாக பவானி பார்த்தது.

"அப்பால" என்றான் பொன்னுரங்கம், தானறியாமல்.

அதன் பிறகு லீனா சொன்னதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பாதி பொன்னுரங்கம் சொன்னான், பாதி அவள் கையே சொன்னது. ராயபுரம் ஸ்டேஷனில் மனோகரனுக்கு வேர்த்துக் கொட்டியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டான். டாக்டர், டாக்டர் என்று இவர்கள் சொன்னார்கள். ஆட்டோவைக்கூட நிறுத்தினார்கள். அவன் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். இரண்டு கையையும் கூப்பினான். பிறகு அந்தக் கைகளையே கதவுபோலச் சேர்த்து மூடிக் காட்டினான். திருவொற்றியூர்க் கோயில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் இவர்களுக்குக் காட்டியாக வேண்டும். டாக்டர் அப்பால. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று தூணில் சாய்ந்தான். மறுபடி டாக்டர் என்றாள் லீனா. மறுபடி அப்பால என்றான். அவ்வளவுதான்.

பவானி நின்றுகொண்டிருந்தாள். நைனா இல்லை. பவா இல்லை. கூப்பிடவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அவளை அவன் அந்த நேரத்தில் நினைத்தானா என்பதற்கே ஒரு அடையாளம் இல்லை. காலையிலிருந்து ஏறி இறங்கிய படிக்கட்டெல்லாம் இதற்குத்தானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் எதிரில் இருந்திருந்தால் சொம்பை எடுத்து வீசியிருப்பாள்.

"அப்பாலயா?" என்று அந்த வெள்ளைக்காரியைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டராண்ட போறதுக்கு அப்பாலயா? சாவறதுக்கு மட்டும் அவசரமா?"

லீனாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். வண்டி ஊதியது. யான் அவளைப் பெட்டிக்குள் இழுத்தான். மூட்டை வாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் திட்டிக்கொண்டே அதை இழுத்து விட்டார்கள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். திட்டுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்த பவுனம்மாள், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா என்றுதான் சொன்னாராம் என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள் பவானி. ஆனால் காலையிலிருந்து பட்ட பாட்டில் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. உள்ளதைச் சொன்னாள். கோயில் நடை, டாக்டர், அப்பால.

கிழவி தரையில் கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"நாசமாப் போறவன்! எதுக்குத்தான்டா நீ அப்பாலன்னு சொல்லல? பள்ளிக்கோடம் போடான்னா அப்பால. கல்யாணம் பண்ணிக்கடான்னா அப்பால. கூரை மாத்துடான்னா அப்பால. டாக்டராண்ட போறதுக்குமாடா?" அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. அப்பன் வந்து கூட்டிக்கொண்டு போன மகனுக்கு வராத அழுகை, தன் மகனுக்கு வந்தது. இருதயம்மாள் வந்து பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி இரண்டு கிழவிகளும் சிரித்துவிட்டார்கள். பவானியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நெஞ்சாங்கூடு பிடிக்கிறது என்று அவன் சொன்னதை அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, அவள் தனியாகத் திருவொற்றியூர் போனாள். வேண்டுதல் எதுவும் இல்லை. அவன் காட்ட நினைத்ததைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பஸ் மெதுவாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. பெரிய கதவு சாத்தியிருந்தது. வாசலில் பூக்காரி ஒருத்தி ஈரத்துணியால் கூடையை மூடிக்கொண்டிருந்தாள்.

"சாத்திட்டாங்களா?"

"இப்பத்தாம்மா. ஒரு நிமிசம் முந்தி வந்திருக்கக்கூடாதா?"

"இனிமே?"

"நாலு மணிக்குத் தொறப்பாங்க."

"தெனமுமா?"

"இது இன்னா கேள்வி? தெனமும்தான்."

"மே மாசத்துலகூடவா?"

பூக்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எந்த மாசமா இருந்தா இன்னா? மத்தியானம் சாத்துவாங்க, நாலு மணிக்குத் தொறப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச நாளா அப்டித்தான்."

பவானி கோயில் சுவர் நிழலில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குத் திறந்தார்கள்.